மூணு மைக்... மூணு முழம் நூல்... டும் டக் டமார்!

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ரவுண்டு வந்து பாருங்கள். எங்கேயாவது ஒரு மொட்டை மாடி ரூமிலிருந்து ‘டும் டக்... டும் டும் டக்’ என்று சத்தம் கேட்கும். கீழ்ப் போர்ஷன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, ‘‘ஏம்ப்பா, இது எப்ப முடியும்?’’ என்பார். ‘‘இன்னும் ஒரே ஒரு டேக் மாமா!’’ என்று மேலேயிருந்து குரல் வரும். அந்த ‘ஒரே ஒரு டேக்’ ராத்திரி சாப்பாட்டு வேளை வரை நீளும்.

பையன் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். கற்றாகிவிட்டது. இப்போது ரிக்கார்டு பண்ணிக்கொண்டிருக்கிறான். அங்கேதான் ஆரம்பிக்கிறது வம்பு! நேரில் கேட்டால் இடி இடிக்கிற வாத்தியம், கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டால் பவுடர் டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கிறது. உடனே பையன் என்ன முடிவுக்கு வருவான்? ‘‘அப்பா, நல்ல மைக்கா வாங்கணும். கொஞ்சம் காஸ்ட்லி...’’ அப்பா பி.எஃப். லோன் பற்றி யோசிக்க ஆரம்பிப்பார்.

நிறுத்துங்கள் ஸார்! லோன் அப்ளிகேஷனை மடித்து பீரோவில் வையுங்கள். இருக்கிற மைக்கை ஒரு அடி இந்தப் பக்கம் நகர்த்தினால் தீர்கிற பிரச்னையாக இருக்கலாம். டிரம்ஸ் ரிக்கார்டிங்கில் மைக் எவ்வளவு விலை என்பதைவிட, எங்கே நிற்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

கொஞ்சம் பழங்கதை

இதை நம் சினிமாக்காரர்கள் வேறு வழியில்லாமலே கண்டுபிடித்தவர்கள். ஏ.வி.மெய்யப்பன் எடுத்த ‘நந்தகுமார்’ (1938) படத்தோடு தமிழில் பின்னணிப் பாட்டு வந்தது. அந்தக் கால ஒலிப்பதிவில் மைக் ஒன்றோ, மிஞ்சினால் இரண்டோதான். பாடுகிறவர் கிட்டத்தில், வயலின் சற்றுத் தள்ளி, தாள வாத்தியம் அதற்கும் பின்னால். தாளம் தூக்கலாகக் கேட்டால் குமிழைத் திருகிக் குறைக்க முடியாது. வாசிக்கிறவரைத்தான் நாற்காலியோடு இரண்டடி பின்னால் தள்ளவேண்டும்! ஆக, ‘மிக்ஸிங்’ என்பதே இடம் பார்த்து உட்காரவைக்கிற வேலைதான்.

அப்புறம் கோடம்பாக்கம், வடபழனிப் பக்கம் பெரிய தியேட்டர்கள் வந்தன. மைக்குகள் பெருகின. இளையராஜாவின் பாட்டுகளில் வருஷக்கணக்காக டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் கை தமிழ்நாட்டில் எத்தனை டீக்கடை ரேடியோக்களை அதிர வைத்திருக்கிறது! 1986-ல் ‘புன்னகை மன்னன்’ வந்தபோது சீக்வென்ஸர் என்ற புது ஆசாமியும் உள்ளே நுழைந்துவிட்டார். 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டிலேயே ‘பஞ்சதன்’ ஸ்டூடியோவைக் கட்டினார், 1992-ல் ‘ரோஜா’. ‘வீட்டிலேயே ஸ்டூடியோ’ என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது, இன்றைக்கு தாம்பரம் மொட்டை மாடி வரை வந்திருக்கிறது.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. இன்றைக்குப் பல பாட்டுகளில் கேட்கிற டிரம்ஸ், யாரும் அந்தப் பாட்டுக்காக அடித்தது இல்லை. எங்கோ வெளிநாட்டு ஸ்டூடியோவில் யாரோ என்றைக்கோ அடித்து, யாரோ மைக் வைத்துப் பிடித்து, டப்பாவில் அடைத்த ‘சாம்பிள்’. நம் ஊரில் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டினால் அது முழங்குகிறது. சுலபம்தான். ஆனால் சர்ச்சிலும் மெல்லிசைக் குழுவிலும் காலேஜ் மேடையிலும் அடித்துப் பழகிய பையனுக்கு வேலை? அவனுக்கு இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. வீட்டிலேயே வாசித்து, ரிக்கார்டு செய்து, ஃபைலாக அனுப்பலாம். மியூசிக் டைரக்டர் மதுரையில் இருந்தாலும் சரி, மலேசியாவில் இருந்தாலும் சரி. ஒரே நிபந்தனை: அனுப்புவது கூழாங்கல் டப்பா மாதிரி இருக்கக்கூடாது. அதனால்தான் இந்த மைக் சமாசாரத்தைக் கொஞ்சம் சீரியஸாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கூட்டுக் குடும்பம்

டிரம்ஸ் என்பது ஒரு வாத்தியம் இல்லை, கூட்டுக் குடும்பம். காலால் மிதித்து அடிக்கிற பாஸ் டிரம்தான் தாத்தா. அதிகம் பேசமாட்டார், பேசினால் வீடே அதிரும். அவருடைய ‘தும்’ 50, 60 ஹெர்ட்ஸ் அடிமட்டத்தில் இருக்கிறது. அடியில் கம்பிச் சுருள் கட்டி ‘சரக்’கென்று பேசுகிற ஸ்நேர் டிரம், வீட்டை நடத்துகிற பெரியம்மா. அதன் உடம்பு 200 ஹெர்ட்ஸ் சுமாருக்கு. டாம்டாம்கள் மாமா, சித்தப்பாக்கள். தலைக்கு மேல் தொங்குகிற சிம்பல்களும், இடது பக்கம் ஓயாமல் ‘ச்ச்ச்ச்’ என்கிற ஹை-ஹாட்டும் வாண்டுகள். பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கிறீச்சிடும்.

கூட்டுக் குடும்பத்தில் என்ன கஷ்டம்? ஒரு ரூமில் பேசினால் அடுத்த ரூமில் கேட்கும். பெரியம்மாவுக்கென்று ஒரு மைக் வைத்தால் அதில் வாண்டுகளின் கூச்சலும் விழும். இதற்கு ‘லீக்கேஜ்’ என்று பெயர். எட்டு மைக் வைத்தால் எட்டு மடங்கு தெளிவு என்று நினைப்பது தப்பு. எட்டு மைக்கிலும் எல்லோரும் பேசுவார்கள், அதுவும் ஆளுக்கொரு நேரத்தில்!

மைக்கில் மூன்று ஜாதகம்

முதலாவது டைனமிக் மைக். ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது? மின்சாரம் போனால் காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள் ஆடி சத்தம் வருகிறது. அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். சத்தம் வந்து சுருளை ஆட்டினால் மின்சாரம். அதுதான் டைனமிக் மைக். முரட்டுப் பிள்ளை, எவ்வளவு அடித்தாலும் தாங்கும். 1965-ல் வந்த ஷ்யூர் எஸ்.எம்.57 இன்றைக்கும் உலகம் முழுக்க ஸ்நேருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது. கச்சேரி மேடையில் பாடகர்கள் பிடித்துக்கொள்ளும் உருண்டைத் தலை எஸ்.எம்.58 அதற்கு ஒரு வயசுத் தம்பி. சர்ச்சிலோ மெல்லிசைக் குழுவிலோ 58 கிடைத்தால் தாராளமாக ஸ்நேருக்கு வைக்கலாம். பாஸ் டிரம்முக்கென்றே ஏ.கே.ஜி. டி-112 மாதிரி குண்டு மைக்குகள் உண்டு. டாம்டாமுக்கு சென்ஹைசர் எம்.டி.421 பேர் போனது.

இரண்டாவது கண்டென்ஸர். உள்ளே இருக்கிற சவ்வு தலைமுடியைவிடப் பத்து மடங்கு மெல்லிசு. சிம்பலில் ஈ உட்கார்ந்து எழுந்தால்கூடச் சொல்லிவிடும் என்று தோன்றும். வேலை செய்ய 48 வோல்ட் வேண்டும். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியே மைக் ஒயர் வழியாக அனுப்பும். பெட்டியில் ‘48 வி’ என்ற பொத்தானை அழுத்த மறந்துவிட்டு ‘மைக் அவுட்’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்! தலைக்கு மேல் வைக்க இதுதான் தோது. நியூமன் யு-87 லட்சங்களில் இருக்கிறது. ஆயிரங்களில் கிடைப்பதும் மொட்டை மாடிக்குப் போதும்.

மூன்றாவது ரிப்பன். மெல்லிய அலுமினியத் தகட்டு நாடா காந்தத்துக்கு நடுவே தொங்கும். சிம்பலின் கூர்மையை மழுக்கி இதமாகத் தரும். ஆனால் நோஞ்சான். பாஸ் டிரம் ஓட்டைக்கு எதிரே வைத்தால் அந்தக் காற்றிலேயே நாடா நைந்துவிடலாம்.

இன்னொரு விஷயம். இந்த வேலைக்கு வைக்கிற பெரும்பாலான மைக்குகளுக்கு முன்பக்கம் பாம்புச் செவி, பின்பக்கம் டமாரச் செவிடு. கேட்கிற பரப்பை வரைந்தால் ஹார்ட்டின் மாதிரி இருப்பதால் ‘கார்டியாய்டு’ என்பார்கள். இந்தச் செவிட்டுத்தனம் நமக்கு வரப்பிரசாதம்! ஸ்நேர் மைக்கின் முதுகை ஹை-ஹாட் பக்கம் திருப்பி வைத்தால் வாண்டுக் கூச்சல் பாதி அடங்கிவிடும். காலணா செலவில்லை.

தாத்தாவுக்கு ஸ்வெட்டர்

1966-ல் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் கோஷ்டிக்கு ஒலிப்பதிவு செய்தவர் ஜெஃப் எமெரிக். இருபது வயசுப் பையன். பாஸ் டிரம்முக்கு ரொம்பக் கிட்டே மைக் வைக்கக்கூடாது என்பது அங்கே சட்டம், மைக் கெட்டுவிடுமாம். பையன் கேட்கவில்லை. அங்கே கிடந்த ஒரு கம்பளி ஸ்வெட்டரை எடுத்து ரிங்கோ ஸ்டாரின் பாஸ் டிரம்முக்குள் திணித்தார்; மைக்கைக் கொண்டுபோய் அதன் முகத்தருகே வைத்தார். ‘தொம்ம்ம்’ என்று இழுத்துக்கொண்டிருந்தது ‘தும்’ என்று நறுக்காக விழுந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க பாஸ் டிரம்முக்குள் தலையணை இருக்கிறதே, அது இந்த ஸ்வெட்டரின் வாரிசு. தாம்பரத்தில் ஸ்வெட்டர் கிடைக்காது. பழைய போர்வை போதும்.

இங்கேயும் இடம்தான் ராஜா. முன்தோலில் உள்ள ஓட்டை வழியாக மைக்கை உள்ளே விட்டு, அடிக்கிற கட்டைக்கு அருகே வைத்தால் ‘டிக்’ என்ற அடி தெளிவாக வரும். ஓட்டை வாசலிலேயே நிறுத்தினால் ‘டிக்’கும் ‘தும்’மும் சமம். அரை அடி வெளியே இழுத்தால் ‘தும்’ மட்டும் பெருக்கும். மைக் ஒன்றுதான்; குணம் மூன்று.

ஸ்நேருக்கு: விளிம்புக்கு மேலே ஒன்றரை அங்குல உயரத்தில், மூக்கு தோலின் நடுவைப் பார்க்க, சாய்வாக. நடுவை நோக்கினால் சாட்டையடி. விளிம்பை நோக்கினால் ‘ணங்’ என்ற ரீங்காரம். கீழே கம்பிச் சுருளுக்கும் ஒரு மைக் வைக்க ஆசைப்பட்டால், அதன் ‘போலாரிட்டி’யைக் கட்டாயம் திருப்பிப் போடவேண்டும். ஏனென்றால் குச்சி விழும் நேரத்தில் மேல்தோல் மேல் மைக்கை விட்டு விலகிப் போகிறது. கீழ்த்தோல் கீழ் மைக்கை நோக்கி வருகிறது. ஒன்று ‘போ’ என்கிறது, ஒன்று ‘வா’ என்கிறது. சேர்த்தால் ஸ்நேர் பாதியாக இளைத்துவிடும்.

நூல் எதற்கு?

இப்போது தலைப்பில் சொன்ன நூலுக்கு வருவோம்.

நம் ஊர் வெப்பத்தில் சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 350 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் ஒரு அடி தூரம் கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட். தலைக்கு மேல் இரண்டு மைக் வைக்கிறீர்கள். ஸ்நேரிலிருந்து ஒன்று மூன்று அடியில், இன்னொன்று ஆறு அடியில். ஒரே அடி இரண்டு மைக்குக்கும் இரண்டரை மில்லி செகண்ட் இடைவெளியில் போய்ச் சேருகிறது. ‘பூ, இவ்வளவுதானா!’ என்கிறீர்களா?

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் தள்ளினால் உயரே போகும். ஒருவர் தள்ளும்போது இன்னொருவர் எதிரே தடுத்தால் நின்றுவிடும். அந்த மூன்று அடி வித்தியாசம் சரியாக 190 ஹெர்ட்ஸ் அலையை எதிரெதிரே மோதவிட்டு அமுக்குகிறது. 190 எங்கே இருக்கிறது? பெரியம்மாவின் உடம்பே அங்கேதானே! ஸ்நேரில் சதை போய் எலும்பு மட்டும் மிஞ்சும். கூழாங்கல் டப்பாவின் ரகசியத்தில் பாதி இதுதான் ஸார். மைக் மேல் தப்பில்லை.

பரிகாரம்? ஸ்நேரின் நடுவில் நூலின் ஒரு முனையை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். மறுமுனையை முதல் மைக்கின் மூக்குவரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு இரண்டாவது மைக்கின் மூக்கிலும் தொடவேண்டும். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிற மாதிரி. அவ்வளவுதான்!

இந்த சம தூர வித்தையால் பேர் வாங்கியவர் கிளின் ஜான்ஸ் என்ற இங்கிலாந்து எஞ்சினீயர். 1968-ல் லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் லெட் ஸெப்பலின் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவர். அவர் பாணியை நம் ஊர் சமையல் குறிப்பாகச் சொன்னால்:

* முதல் மைக்: ஸ்நேருக்கு நேர் மேலே, மூன்று முதல் மூன்றரை அடி உயரத்தில், கீழே பார்த்தபடி.

* இரண்டாவது மைக்: வாசிப்பவரின் வலது பக்கம், தரையில் நிற்கிற பெரிய டாமுக்கு அப்பால், அதன் விளிம்பைவிட அரை அடி உயரத்தில், ஸ்நேரைப் பார்த்தபடி. நூல் முடிச்சு இங்கே சரியாகத் தொடவேண்டும்.

* மூன்றாவது மைக்: பாஸ் டிரம்மின் ஓட்டை வாசலில்.

* வசதி இருந்தால் நாலாவது: ஸ்நேருக்குப் பக்கத்தில், தாளிப்பு மாதிரி. குழம்பே அதுதான் என்று ஆக்கிவிடாதீர்கள்.

‘‘என் பெட்டியில ரெண்டே ரெண்டு ஓட்டைதான் ஸார் இருக்கு!’’ என்கிறீர்களா? ஒன்று தலைக்கு மேலே, ஒன்று பாஸ் டிரம்முக்கு. ஸ்டீரியோ கிடைக்காது, மானம் போகாது.

பத்துக்குப் பத்து ரூம்

மைக் கேட்பது வாத்தியத்தை மட்டும் இல்லை; ரூமையும்தான். நம் மொட்டை மாடி ரூம் பத்துக்குப் பத்து, உயரமும் கிட்டத்தட்ட பத்து. வாஸ்துக்கு எப்படியோ, சத்தத்துக்கு இது சனி மூலை! பத்தடிச் சுவர்களுக்கிடையே முட்டிமோதி நிற்கிற அலை 57 ஹெர்ட்ஸ். தாத்தாவின் குரல் இருக்கிற அதே இடம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே அளவானால் மூன்றும் சேர்ந்து அதே சுருதியில் ஊளையிடும். நடு ரூமில் ‘தும்’ காணாமல் போகும். மூலையில் போய்க் குவியும். அதனால் டிரம்ஸை நட்டநடுவில் போடாதீர்கள். ஒரு அடி, இரண்டு அடி நகர்த்தி நகர்த்தி அடித்துப் பாருங்கள்.

சீலிங்கும் ஒரு எதிரி. மைக்குக்கு மேலே மூன்றடியில் கான்கிரீட் இருந்தால் சிம்பல் சத்தம் மேலே போய் முட்டி, ஐந்து மில்லி செகண்ட் தாமதமாகத் திரும்பி வந்து தன்னோடு தானே சண்டை போடும். மைக்குக்கு நேர் மேலே பழைய இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டித் தொங்கவிடலாம் (கயிறு கெட்டியாக இருக்கட்டும், கீழே உட்கார்ந்திருப்பது உங்கள் பிள்ளை). சுவரில் ஜமுக்காளம். தரையில் பாயும் கனமான விரிப்பும்.

‘‘முட்டை அட்டை ஒட்டினா சத்தம் வெளில போகாதாமே?’’ - இது ஊரே நம்புகிற புராணம். அட்டை கொஞ்சம் கிறீச்சைக் குடிக்கும், அவ்வளவே. கீழ்ப் போர்ஷனுக்குப் போகிற ‘தும்’மைத் தடுக்க கனம் வேண்டும், இடைவெளி வேண்டும், ஜன்னல் கதவு இறுக்கமாக மூடவேண்டும். அட்டையால் கோழிக்கு லாபம், மாமாவுக்கு இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை 45 என்று 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. மாமா பக்கம் சட்டம் இருக்கிறது, ஜாக்கிரதை!

சரி, வெளிச்சத்தம் உள்ளே வந்தால்? 1931-லிருந்து பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓடுகிறது, மீனம்பாக்கத்து விமானம் தலைக்கு மேல் போகிறது, ஜி.எஸ்.டி. ரோடு ஹாரன் வேறு. கவலை வேண்டாம். முழு வீச்சில் வாசிக்கிற டிரம்ஸுக்கு முன்னால் ரயில் ஒரு முணுமுணுப்பு. கடைசி சிம்பல் அடித்து அது தேய்ந்து அடங்கும் நேரத்தில் மட்டும் விமானம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ரூமே வரமாகவும் ஆகலாம். கிளின் ஜான்ஸின் தம்பி ஆண்டி ஜான்ஸ், இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய பங்களாவில், ஹாலில் டிரம்ஸைப் போட்டு, மாடிப்படி மேலே இரண்டு ரிப்பன் மைக்கை வைத்தார். 1971-ல் வந்த லெட் ஸெப்பலின் நாலாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸ் மலை உருளுகிற மாதிரி முழங்கியது. உங்கள் அபார்ட்மெண்ட்டிலும் மாடிப்படி இருக்கிறது. அசோசியேஷன் செக்ரட்டரி ஊரில் இல்லாத நாளாகப் பாருங்கள்!

மைக்குக்கு முன்னால்...

பறையை எடுத்தவுடன் அடிப்பதில்லை. தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிய பிறகுதான் அடி. மிருதங்கத்துக்கும் கல்லும் கட்டையும் வைத்துத் தட்டிச் சேர்த்த பிறகுதான் கச்சேரி. டிரம்ஸில் மட்டும் ஏனோ பலர் இதைச் செய்வதில்லை. குரோம் லெதர் கம்பெனியால் பேர் வாங்கிய குரோம்பேட்டையிலும் இன்றைக்கு டிரம்முக்குப் பிளாஸ்டிக் தோல்தான். 1950-களின் கடைசியில் வந்த மாற்றம். பிளாஸ்டிக் என்றாலும் தளரும். சாவி கொண்டு எதிரெதிர் திருகாக ஒரே அளவு முறுக்கிச் சுருதி சேர்க்கவேண்டும். சேராத டிரம்மை மூன்று லட்ச ரூபாய் மைக்கில் பிடித்தால், சேராத டிரம் துல்லியமாகக் கேட்கும்!

காதையும் கவனியுங்கள். 100 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. சின்ன ரூமில் டிரம்ஸ் அதைச் சுலபமாகத் தாண்டும். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற காதடைப்பான் போதும். மைக் போனால் வேறு வாங்கலாம். காதுக்கு மாற்று கிடையாது.

வாங்கியே தீருவேன் என்றால் முதலில் ஒரு உழைப்பாளி டைனமிக், அப்புறம் ஒரே மாதிரியான இரண்டு கண்டென்ஸர், கடைசியாக பாஸ் டிரம் மைக். பிரபல மாடல்களில் போலிகள் நிறைய. பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சிரித்தால் பர்ஸைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கிய பிறகு ஒரு ஞாயிறு முழுக்க வாசிப்பதை நண்பரிடம் விட்டுவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கை மட்டும் நகர்த்திக் கேளுங்கள். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம். ஏதோ ஒரு இடத்தில் டிரம்ஸ் சட்டென்று சதை போட்டு எழுந்து நிற்கும். அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள்.

அந்தக் கோடு எந்த மியூசிக் கடையிலும் கிடைக்காது. நூல் மட்டும் தையல் கடையில் கிடைக்கும்... கேட்டால் சும்மாவே தருவார்கள்!